சறுக்கரங்கும் பத்துக் காசு வாயிலும்

மரத்தினின்று வடியும் பால் எங்கே போகின்றது என்று தோட்டத்துச் சிறுவன் ஒருவனைக் கேட்டால், "டயருக்கு" என்பான். அவன் தந்தையைக் கேட்டாலும் அதுவே விடை. மருத்துவர் கையுறை, பிள்ளைகளின் பந்து என்று இன்னும் இரண்டொன்று சேர்த்துச் சொல்லுவோரும் உண்டு. ஆனால் ஒரு காலத்தில் செல்வச் சீமான்களும் சீமாட்டிகளும் இரப்பர்த் துண்டின்மேல் ஏறி நின்று வட்டமிட்டு மகிழ்ந்தார்கள் என்பதை நம்மிடையே அறிந்தோர் சிலரே. அவ்விளையாட்டுக்கு ரோலர் ஸ்கேட்டிங் என்று பெயர். காலணியின் அடியில் நான்கு சக்கரங்களைப் பூட்டிக்கொண்டு வழவழப்பான தளத்தின்மீது சறுக்கி ஓடுவது அது. அத்தளத்தை வெள்ளைக்காரர் ரிங்க் என்பர். சறுக்கரங்கு என்று நாம் சொல்லுவோம்.

கெடாத் தோட்டங்களில் உள்ளோருக்குச் சறுக்கரங்கின் கதை எதற்கு என்று அன்பர்கள் வினவலாம். நியாயமான வினாவே. விளையாட்டின் பெருமையைப் பேச நாம் முன்வரவில்லை. அவ்வரங்கின் வாயிலில் தொடக்க நாள் முதலே ஒரு கேள்வி நின்றது: உள்ளே விடத்தக்கவர் யார், வெளியே நிறுத்தத்தக்கவர் யார் என்பதே அது. கோயில் வாயிலிலும் கிளப்பு வாயிலிலும் நம்மவரை நிறுத்திவைத்ததும் அதே கேள்விதான். ஆதலின் அவ்வாயில் எங்கெங்கே மூடியிருந்தது, எங்கே திறந்தது, பிறகு எப்படி மறைந்தது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

சக்கரக் காலணியை முதலில் அணிந்து காட்டியவருள் ஒருவர் ஜான் ஜோசப் மெர்லின் என்னும் கைவினைஞர். பெல்ஜிய நாட்டிற் பிறந்து இலண்டனிற் குடியேறியவர். 1760-களில் சோஹோ வட்டாரத்துக் கார்லைல் மாளிகையில் ஒரு விருந்து நடந்தது. மெர்லின் பிடில் வாசித்துக்கொண்டே சக்கரக் காலில் உருண்டு வந்தார். வந்தவர்க்கு நிற்கவும் தெரியவில்லை, திரும்பவும் தெரியவில்லை. நேரே போய் 500 பவுனுக்கு மேல் மதிப்புள்ள நிலைக்கண்ணாடியில் மோதினார். கண்ணாடி நொறுங்கிற்று, பிடில் நொறுங்கிற்று, மெர்லினும் படுகாயமுற்றார். சக்கரம் ஓடும், ஆனால் வளையாது. அக்குறை தீர நூறாண்டு ஆயிற்று.

தீர்த்தவர் நியூயார்க்கு நகரத்து ஜேம்ஸ் பிளிம்டன் என்னும் மேசை நாற்காலி வாணிகர். உடல் நலத்துக்காகப் பனிக்கட்டிமேற் சறுக்கிப் பழகிய இவர், கோடையில் பனி உருகிவிடுகின்றதே என்று வருந்திச் சக்கரத்தின்பால் மனத்தைத் திருப்பினார். 1863-ஆம் ஆண்டில் அவர் பெற்ற உரிமைப் பத்திரத்தின் உயிர்நிலை எது தெரியுமோ? மிதிபலகைக்கும் சக்கர அச்சுக்கும் நடுவே வைத்த ஓர் இரப்பர் மெத்தை. சறுக்குவோர் ஒரு பக்கம் சாய்ந்தால் இரப்பர் அப்பக்கம் நசுங்கும். நசுங்கவே அச்சுத் திரும்பும். திரும்பவே காலணி வளைந்து செல்லும். சாய்வு நீங்கினால் இரப்பர் தன் பழைய நிலைக்கு மீளும். இத்துணைதான் மருமம். நசுங்கவும் மீளவும் வல்ல பொருள் ஒன்று இல்லையேல், இன்றளவும் சறுக்குவோர் மெர்லினைப் போலக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பர்.

அந்த இரப்பர் நம்முடையதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்நாளில் அது பிரேசில் நாட்டுக் காட்டு மரங்களின் பால். சார்லஸ் குட்இயர் 1839-இல் கந்தகமும் வெப்பமும் சேர்த்து இரப்பரைப் பக்குவப்படுத்தும் முறையைக் கண்ட பிறகே அது இயந்திரத்துக்கு ஏற்ற பொருளாயிற்று. பிளிம்டன் காலணி செய்து பதின்மூன்று ஆண்டு கழித்து, 1876-இல், ஹென்றி விக்கம் என்பார் ஏறத்தாழ 70,000 விதைகளை அங்கிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்தவற்றுள் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்தன. 1888-இல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்துக்குத் தலைவராய் வந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாது பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் வகையைக் காட்டினார். அதன் பின்னரே நம் பாட்டன்மார் கப்பலேறினர். கெடாவும் 1909-ஆம் ஆண்டில்தான் சயாமின் மேலாண்மையினின்று ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. ஆகச் சறுக்கரங்கு நமக்கு மூத்தது.

மூத்த அண்ணன் நடந்துகொண்ட விதத்தைக் கேளுங்கள். பிளிம்டன் 1866-இல் நியூபோர்ட்டு என்னும் கடற்கரை ஊரில் ஒரு விடுதியின் உண்டிச் சாலையைச் சறுக்கரங்காக மாற்றினார். அது கற்றவரும் நாகரிகமுடையவருமாகிய மேன்மக்களுக்கு உரிய விளையாட்டாக விளங்கவேண்டும் என்பது அவர் ஆசை. காலணிகளைக் கண்டவர்க்கும் விற்கவில்லை. அரங்குகளுக்கு வாடகைக்கு விட்டார். தம் உரிமையை மீறியவர்மீது வழக்குத் தொடுத்தார். 1876-இல் இலண்டன் நீதிமன்றத்தில் அவர் வென்ற வழக்கு ஒன்றை உரிமைப் பத்திரச் சட்டம் பயில்வோர் இன்றும் படிக்கின்றனர். தச்சு வேலையும் கணக்கும் தெரிந்த வாணிகர் ஒருவர், தம் சரக்கைத் தம்மைப் போன்ற உழைப்பாளி தொடலாகாது என்று கருதியது விந்தை. ஏறி வந்தவன் ஏணியை மேலே இழுத்துக்கொள்ளும் வழக்கம் நம் சாதிக் கட்டுக்கு மட்டும் உரியது அன்று போலும்.

1870-களின் நடுப்பகுதியில் இங்கிலாந்து முழுதும் சறுக்குப் பித்துப் பிடித்தது. ஊர்தோறும் கற்காரைத் தளம் போட்டனர். இரண்டு மூன்று ஆண்டில் பித்துத் தெளிந்தது. அரங்குகள் பல மூடப்பட்டன. 1909-ஐ ஒட்டி மீண்டும் ஒரு முறை பிடித்தது, மீண்டும் தெளிந்தது. இவ்வாறு தோன்றி மறைவது இவ்விளையாட்டின் இயல்பு என்க. இந்தியாவில் வெள்ளையர் கோடை போக்கிய மலையூர்களிலும் இது புகுந்தது. மசூரியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த மரத்தள அரங்கு மிகப் பெயர்பெற்றது. அந்தப் பழங்கட்டடம் நெடுங்காலம் நின்று, 2023 செப்டம்பரில் தீக்கிரையாயிற்று. மலையூர்களின் கேளிக்கைக் கூடங்கள் யாருக்காக எழுந்தன என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அங்கே பல்லக்குத் தூக்கியவனும் ரிக்‌ஷா இழுத்தவனும் வாயில் வரைதான் சென்றார்கள்.

நிற்க. இவ்வாயிலை விலைக்கு வாங்கித் திறந்துவிட்டவர் ஒரு சீர்திருத்தக்காரர் அல்லர். ஒரு மருந்து வாணிகர். ஷாங்காய் நகரத்து ஹுவாங் சூச்சியூ என்பவர், வெள்ளைக்கார மருத்துவர் ஒருவரின் பெயர்போல் தோன்றும் ஒரு பெயரைச் சூட்டி, மூளைக்கு வலுவூட்டும் கஷாயம் விற்றுப் பெரும்பொருள் குவித்தவர். எது மக்களைக் கவரும் என்று அவருக்கு நன்றாய்த் தெரியும். 1915-இல் அவரும் கூட்டாளியும் 'நியூ வோர்ல்டு' என்ற பெயரில் ஒரு களியாட்டக் கூடத்தைத் திறந்தனர். ஒரே வாயிற் சீட்டு வாங்கினால் போதும்: நாடகம், கதை சொல்லல், வித்தை, பில்லியர்ட்ஸ், இவற்றோடு சக்கரக் காலுக்கு உரிய சறுக்கரங்கும் அங்கே ஒரு கூரையின்கீழ் அமைந்தன. 1917-இல் அவர் 'கிரேட் வோர்ல்டு' என்று மற்றொன்றையும் தொடங்கினார். மேன்மக்களுக்கென்று பிளிம்டன் வேலியிட்ட தளம், சீட்டுக் காசுள்ள எவனும் மிதிக்கும் தளமாயிற்று. நோக்கம் இலாபமே. ஆயினும் கதவு திறந்தது உண்மை.

அப்பெயரும் அமைப்பும் கடல் கடந்து நம் பக்கம் வந்தன. 1923 ஆகஸ்டு முதல் நாள் சிங்கப்பூர் ஜாலான் புசாரில் 'நியூ வோர்ல்டு' பூங்கா திறக்கப்பெற்றது. திறந்தவர் ஓங் பூன் தாட், ஓங் பெங் ஹோக் என்னும் சீன உடன்பிறப்புக்கள். இவர்களுடைய தந்தை ஓங் சாம் லியோங் எவ்வாறு செல்வரானார் என்பதை நம்மவர் கட்டாயம் அறியவேண்டும். கிறிஸ்துமஸ் தீவின் பாஸ்பேட் சுரங்கத்துக்குக் கூலியாட்களைத் திரட்டிக் கொடுத்த ஒப்பந்தக்காரர் அவர். ஏறத்தாழப் பெரிய கங்காணி என்று வைத்துக்கொள்ளலாம். தந்தை கூலிகளின் உழைப்பை விற்றுச் சேர்த்தார். மைந்தர் கூலிகளின் ஓய்வை விலைக்கு வாங்கினர். இதை நாம் பழித்தும் சொல்லவில்லை, புகழ்ந்தும் சொல்லவில்லை. கணக்கேட்டில் வரவு எந்தப் பக்கம் செலவு எந்தப் பக்கம் என்று பார்ப்பது எழுத்தர் தொழிலின் பழக்கம்.

திறந்த காலமும் நல்ல காலம். 1922 நவம்பரில் ஸ்டீவன்சன் திட்டம் நடைமுறைக்கு வந்து, இரப்பர் ஏற்றுமதி கட்டுக்குள் அடங்கி, 1925-இல் விலை வானை எட்டிற்று. காசு புழங்கியது. வாயிற் சீட்டு பத்துக் காசு. உள்ளே மலாய்க்காரரின் பங்சவான் நாடகம், சீனக் கூத்து, ரோங்கெங் ஆட்டம், குத்துச்சண்டை, இராட்டினம், கபரே நடனச் சாலை, சிற்றுண்டிக் கடைகள். பங்சவான் நாடகம் மலாய்க் கலையென்று பெயர்பெற்றதேனும் அதன் தொட்டில் நமக்கு அண்மையிலுள்ள பினாங்கு. பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களின் ஆட்டத்தைக் கண்டு, 1880-களில் மாமாக் புஷி என்பவர் அங்கே முதற் குழுவைக் கூட்டினார். ஆக இந்தியர் கைபட்ட விதை அது.

1932-இல் சிங்கப்பூருக்குச் சார்லி சாப்ளின் வந்தார். அவர் நியூ வோர்ல்டில் கண்ட சீன நாடகம் ஒன்றை, 1964-இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றில் வியந்து எழுதியிருக்கின்றார். சிறுவர் சிறுமியரே நடித்த அந்நாடகம் மூன்று இரவு நீண்டதாம். பதினைந்து வயதுப் பெண்ணொருத்தி இளவரசனாக நடித்தாளாம். நாம் இங்கே சாப்ளினை இழுத்து வந்ததற்கு வேறு காரணமும் உண்டு. சக்கரக் காலை உலகறியச் செய்தவர்களுள் தலையாயவர் அவரே. 1916-இல் வந்த 'தி ரிங்க்' என்னும் ஊமைப்படத்தில் உணவு விடுதிப் பரிமாறுபவனாய் வந்து, ஓய்வு நேரத்தில் சறுக்கரங்கிற் புகுந்து, கனவான்களை எல்லாம் தடுக்கி விழச் செய்வார். பிளிம்டனின் வேலியைத் தாண்டிய பரிமாறுபவன் அவன். அந்த நடிகர் பத்துக் காசு வாயிலுக்குள் வந்து நின்றார் என்பது ஓர் இன்பமான தற்செயல். நான்கு ஆண்டு கழித்து, 1936-இல், 'மாடர்ன் டைம்ஸ்' படத்தில் அவர் மீண்டும் சக்கரம் கட்டினார். அங்கே அரங்கு இல்லை. இரவுக் காவலனாக வேலைபார்க்கும் பெரிய கடைமாளிகையின் மாடித்தளத்திலே, கண்ணைக் கட்டிக்கொண்டு, கைப்பிடியற்ற விளிம்பருகே வட்டமிடுவார். இக்காட்சியை அன்பர்கள் நினைவில் வைக்கவேண்டும், பின்னர்த் தேவைப்படும்.

பத்துக் காசு என்றோம். 1920-களின் பிற்பகுதியில் மலாயாவின் முதன்மையான வட்டாரங்களில் இந்தியத் தொழிலாளிக்கு நிலைநாட்டப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அப்படியாயின் வாயிற் சீட்டு ஆண் கூலியில் ஐந்திலொன்று. எளிதென்று சொல்லமுடியாது. ஆனால் அக்காசைக் கொடுத்தவனிடம் வேறெதுவும் கேட்கப்படவில்லை. இதன் அருமையை அறிய அக்கால நாட்குறிப்பைப் புரட்டுவோம். பூங்கா திறந்த மறுவருடம், 1924-இல், வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காக மக்கள் சிறை சென்றனர். 1929 டிசம்பரில் ஈ. வெ. ராமசாமியார் பினாங்கில் வந்திறங்கி மலாயாத் தமிழரிடையே சுயமரியாதையை விதைத்தார். 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் பிறந்தது. 1935-இல் தமிழ் முரசு பிறந்தது. திருவாங்கூரில் கோயிற் கதவு 1936-இல் திறந்தது. மதுரை மீனாட்சி கோயிலில் 1939-இல். கடவுளின் வாயில் திறப்பதற்குப் பதினாறு ஆண்டு முன்னரே கேளிக்கையின் வாயில் திறந்துவிட்டது. குளித்து நீறணிந்து நின்றவனைத் தடுத்த உலகில், குளிக்காமல் வந்தவனுக்கும் சீட்டுக் கிழித்துக் கொடுத்தான் ஒரு சீனப் பையன்.

பூங்காக்களைச் சுவர்க்கமாக்கிக் காட்டுவது நம் நோக்கமன்று. வாயிலில் சமத்துவம் இருந்ததே தவிர உள்ளே ஒவ்வொரு கொட்டகைக்கும் வேறு காசு. கபரேச் சாலையில் சீட்டுக்கு ஒரு நடனம் என்று பெண்கள் கூலிக்கு ஆடினர். அவர்களின் வறுமையையும் ஒப்பந்தத்தையும் எவரும் பாடவில்லை. பரிசு விளையாட்டு என்ற பெயரில் சூதும் புகுந்தது. நம் பெண்டிரை அங்கு அழைத்துச்செல்லக் கூசிய குடும்பங்களே மிகுதி. அக்கூச்சத்துக்குக் காரணம் பூங்காவில் பாதி, நம்மவர் மனத்தில் பாதி. அன்றியும் 1930-க்குப் பிறகு இரப்பர் விலை வீழ்ந்து, 1932-இல் அடிமட்டத்தைத் தொட்டபோது, ஆயிரக்கணக்கான நம்மவர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். அந்த நாட்களில் தொடங்கிய சிங்கப்பூர்க் கிரேட் வோர்ல்டு தள்ளாடிப் பின்னர் 1941-இல் ஷா சகோதரர் கைக்கு மாறிற்று. 1937-இல், விலை சற்று நிமிர்ந்தபோது, ஹேப்பி வோர்ல்டு எழுந்தது. இரப்பர் விலையேட்டையும் பூங்காக்களின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் படிக்கலாம்.

கெடாவுக்கு வருவோம். நமக்குச் சிங்கப்பூர் எட்டாத தொலைவு. நம் உலகம் பினாங்கு. புக்கிட் மெர்த்தாஜாமிலிருந்து அலோர் ஸ்டார் வரை 1915-இல் இரயில் ஓடத் தொடங்கியபின், சுங்கைப்பட்டாணி, பீடோங், குரூண் பக்கத்துத் தோட்டத்தார் பிறையில் இறங்கிப் படகேறினால் ஜார்ஜ் டவுன். அங்கே சுவாத்தாவ் சந்தில் ஒரு நியூ வோர்ல்டு இருந்தது. வெம்பிளி என்றொரு பூங்காவும் இருந்தது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போனவர்கள் திரும்பும்போது விளக்கொளியை எட்டிப்பார்த்து வருவதுண்டு. எம் தோட்டத்தில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் இருக்கின்றார். கல்யாணமான புதிதில் கணவரோடு ஒரு முறை அங்கே போனாராம். உள்ளே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் அவருக்கு ஒன்றும் ஒழுங்காக நினைவில்லை. வாயில் மட்டும் நினைவிருக்கின்றது. வண்ண விளக்கு, தள்ளுமுள்ளு, சீட்டுக் கிழித்தவன் தம்மை ஏற இறங்கப் பார்க்காதது. அவன் பார்க்காமல் இருந்ததைச் சொல்லும்போது இன்றும் அவர் முகம் மலர்கின்றது.

போர் வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் கிரேட் வோர்ல்டு போர்க் கைதிகளை அடைக்கும் முகாமாயிற்று. ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் அங்கே தங்கித் துறைமுக வேலைக்குச் சென்றனர். பின்னர் ஜப்பானியர் பூங்காக்களைச் சூதாட்டக் கூடங்களாகத் திறந்துவிட்டார்கள். நம்மவர்க்கு நேர்ந்தது அதனினும் கொடிது. சயாம் - பர்மா இரயில் பாதைக்கு ஆள் தேவைப்பட்டபோது, இலவசப் படக்காட்சி என்று அழைத்துக் கொட்டகை நிறைந்ததும் கதவடைத்து, உள்ளே இருந்தோரை வண்டியேற்றியதை அக்காலத்து வாழ்ந்தோர் சொல்லிவைத்திருக்கின்றனர். பத்துக் காசு கேட்ட வாயிலுக்கும் ஒன்றும் கேட்காத வாயிலுக்கும் உள்ள வேறுபாடு அன்று தெரிந்தது. போனவர்களுள் பல்லாயிரவர் திரும்பவில்லை.

போருக்குப் பின் கெடாவில் எழுந்தது தொண்டர் படை. பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் இளைஞர் அணிவகுத்துக் கள்ளுக்கடையை மூடு என்றனர். கூலியில் ஒரு பகுதி ஒவ்வொரு மாலையும் தோட்டத்துக் கள்ளுக்கடைக்கே திரும்பிப் போவதைக் கண்டு பொறாதவர்கள் அவர்கள். குடித்தவரைக் கட்டிவைத்துத் தண்டித்த முறையை நாம் ஏற்கவில்லை. ஆனால் அவர்கள் தொட்ட புண் உண்மையான புண். 1947-இன் தொடக்க மாதங்களில் பீடோங், கூலிம் வட்டாரங்களில் போலீசாரோடு மோதல் நேர்ந்தது, உயிர் போயிற்று, பலர் சிறை புகுந்தனர்.

இங்கே ஒன்றைக் கூறாமலிருக்க முடியவில்லை. கள்ளுக்கடையை மூடு என்று சொன்ன எம் முன்னோர், மூடிய கடையின் எதிரே எதைத் திறப்பது என்பதை விரிவாக எண்ணவில்லை. இரவுப் பள்ளி, வாசகசாலை, நாடகம் என்றார்கள். நல்லவைதாம். ஆனால் விடியுமுன் மரத்தடிக்குப் போய், பால் சுமந்து, எடை போட்டு ஓய்ந்தவனுக்குப் பாடம் மட்டும் போதுமா? அவனுக்கும் விழுந்து எழுந்து சிரிக்க ஒரு தளம் வேண்டும். துரைமார் கிளப்பில் டென்னிசும் பில்லியர்ட்சும் இருந்தன. அவற்றை ஆடம்பரம் என்று எந்தக் கம்பெனியும் வெட்டவில்லை. லயத்துக்கு அருகே கள்ளுக்கடைக்கு இடம் ஒதுக்கியவர்களுக்கு, நாற்பதடிக்கு நாற்பதடிச் சிமெண்டுத் தளம் ஒன்றுக்கு மட்டும் நிலம் கிடைக்கவில்லை. 1948-இல் அவசரகாலம் தொடங்கியதும் இரவுப் பயணமும் அற்றது. லயங்களைச் சுற்றி முள்வேலி, மாலையில் ஊரடங்கு. அரசாங்கத்தின் படக்காட்சி வண்டி வந்தால் திடலில் அமர்ந்து பார்ப்பதோடு சரி. கொரியப் போரால் 1950, 1951-இல் இரப்பர் விலை ஏறிப் பட்டணத்துப் பூங்காக்கள் ஒளிவீசியபோது, தோட்டத்துத் தமிழர் பலருக்கு வேலிக்குள் இருட்டிவிட்டது.

பூங்காக்களின் முடிவை விரைந்து சொல்லலாம். 1963-இல் தொலைக்காட்சி வந்தது. சிங்கப்பூரில் பிப்ரவரியில், மலாயாவில் டிசம்பரில். வீட்டிலேயே படம் ஓடும்போது வாயிற் சீட்டு எதற்கு? நிலத்தின் விலையும் ஏறிற்று. கோலாலம்பூர்ப் புக்கிட் பிந்தாங் பூங்கா 1970-களில் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் 1977-இல் சுங்கை வாங் பிளாசா எழுந்தது. சிங்கப்பூர்க் கிரேட் வோர்ல்டு 1978-இல் மூடிற்று. 1997-இல் அங்கே கிரேட் வோர்ல்டு சிட்டி என்னும் கடைத்தொகுதி திறந்தது. நியூ வோர்ல்டு 1987-இல் மூடிற்று. பின்னர் சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதி. கே வோர்ல்டு என்று பெயர் மாறிய ஹேப்பி வோர்ல்டு 2000 வரை மூச்சு வைத்திருந்தது. பினாங்கு நியூ வோர்ல்டு உணவுக்கடைகள் நிறைந்த புதுக் கட்டடமாயிற்று. 1985-இல் பாலம் வந்தபின் படகின் தேவை சுருங்கிற்று. பழைய கார்ப் படகுகள் 2020 டிசம்பர் 31-ஆம் நாளோடு நின்றன. இப்பொழுது சாப்ளின் காட்சியை நினைவுகூருங்கள். சறுக்கரங்கை விட்டுக் கடைமாளிகைத் தளத்தில் சக்கரம் கட்டிய அந்த இரவுக் காவலன், இப்பூங்காக்கள் போகப்போகும் வழியை முப்பது நாற்பது ஆண்டு முன்னரே உருண்டு காட்டிவிட்டான். கடைத்தொகுதிக்கு வாயிற் சீட்டு இல்லை. ஆயினும் அங்கே நம் கிழவர்கள் நெடுநேரம் நிற்பதில்லை. வாங்க ஒன்றுமில்லாதவன் உலாவினால் காவற்காரன் கண் அவன்மேல் திரும்புகின்றது. பாட்டி சொன்ன அந்தப் பார்க்காத கண் கடைத்தொகுதியில் இல்லை.

ஹார்வர்ட் தோட்டத்தின் ஒரு பகுதியிற் பின்னாளில் கோல்ப் மைதானமும் விடுதியும் அமைந்தன. தொண்டர் படை அணிவகுத்த தோட்டம் அது. எம்போன்ற எழுத்தர்கள் அவ்வழியே போகும்போது புல்லின் ஒழுங்கைப் பார்த்துக்கொண்டு போகின்றோம்.

சிங்கப்பூருக்குச் செல்லும் அன்பர்களுக்கு ஒரு வழி சொல்லி நிறுத்துகின்றோம். சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயிலைக் கடந்து பேரர் பார்க் இரயில் நிலையத்துப் பக்கம் சென்றால் சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதி. அதை ஒட்டி ஒரு சிறு பசுந்திடல் உண்டு. நியூ வோர்ல்டின் பழைய வாயிலைச் செப்பனிட்டு அங்கே நிறுத்தியிருக்கின்றார்கள். சுவர் இல்லை, சீட்டுக் கொடுப்பவன் இல்லை. எந்தப் பக்கத்திலிருந்தும் புகலாம்.